கெரோவுக்குள் போன தயிர் சாதம்

விமான நிலையத்திலிருந்து சால்ட் லேக் போகிற வழியிலேயே டாக்சி நின்றுவிட்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், கதவைத் திறந்து போயே போய்விட்டார். முன்னால் ஓர் ஊர்வலம். கொடி, பதாகை, ஒலிபெருக்கி, நடுவே ஒருத்தியின் இடுப்பில் தூங்கும் கைக்குழந்தை. சற்று நேரத்தில் இரண்டு மண் குவளைகளில் டீயோடு ஓட்டுநர் திரும்பி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"மிச்சில் போகுது, திதி. மழை எப்ப நிக்கும்னு யாராவது கேப்பாங்களா?"

மிச்சில் என்றால் ஊர்வலம், திதி என்றால் அக்கா. வங்காளத்தில் நான் கற்ற முதல் இரண்டு சொற்கள். பக்கத்தில் நின்ற பேருந்தின் ஜன்னலில் முழங்கையை ஊன்றியிருந்த ஒருவர் தன் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்ல, எங்கள் ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னவென்று கேட்டேன். "பிரச்சினை என்னன்னு தெரியலையாம். ஆனா கோஷத்துல தாளம் போச்சாம். முன்னாடி கத்துறவன் மூச்சு வாங்குறதுக்குள்ள பின்னாடி இருக்கிறவங்க முந்துறாங்களாம்."

கச்சேரிக்குப் போய்த் தொடையில் தாளம் போட்டுக் குறை சொல்பவர்களை மதுரையில் பார்த்திருக்கிறேன். ஊர்வலத்துக்கும் அப்படி ரசிகர்கள் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

நான் வேலை பார்க்கும் நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். விசா இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கிறது. நல்ல ஊர்தான். சாலை பளபளக்கும், பேருந்து நிமிடம் தவறாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் ஆறாவதாக ஒருவர் வந்து மரியாதையாகப் பெயர் கேட்பார். மறுநாள் நால்வர்தான் இருப்பார்கள். அங்கிருந்து நான்கு நாள் வேலையாக இங்கே சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில் இருக்கும் எங்கள் கிளை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவளுக்கு, நடுச்சாலையில் டீ குடித்தபடி ஊர்வலத்துக்கு மதிப்பெண் போடும் ஊர் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தங்கியது விஜயா சித்தி வீட்டில். சித்தப்பா ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி. மாற்றலாகி வந்து ஒன்பது வருடமாயிற்று. சித்தியின் பேச்சில் பாளையங்கோட்டை கொஞ்சமும் கரையவில்லை. "ஏளா பவி, இப்படி எலும்பா வந்து நிக்கியே, அங்க என்னத்தத் திங்க?" என்று வாசலிலேயே தொடங்கினாள். அவள் மகள் சுபா கதை வேறு. பத்தொன்பது வயது, பவானிபூரில் கல்லூரி. தமிழ் வீட்டுக்கு மட்டும், கோபமும் சிரிப்பும் கனவும் வங்காளத்தில். என்னை "பவி அக்கா" என்று கூப்பிட அவளுக்கு வரவில்லை. "பவிதி" ஆகிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஆட்டோவில் ஏமாந்தேன். ஏமாற்றியவர் யாருமில்லை, நானேதான். இந்த ஊரில் ஆட்டோவுக்குப் பேருந்து போலத் தடம் உண்டு. நாம் சொல்லும் இடத்துக்கு அது போகாது, அது போகும் இடத்துக்கு நாம் போக வேண்டும். இது தெரியாமல் ஏறி உட்கார்ந்து, "செக்டர் ஃபைவ்" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஏதோ ஒரு மீன் சந்தையின் நடுவில் இருந்தேன். கூட வந்த மூன்று பயணிகளும் எனக்காக விவாதத்தில் இறங்கினார்கள். எந்த ஆட்டோவில் ஏறி எங்கே மாற வேண்டும் என்பதில் மூவருக்கும் மூன்று கட்சி. சந்தைக்காரர் ஒருவர் நான்காவது கட்சி தொடங்கினார். கடைசியில் நடந்தே போனேன். வழியில் சாப்பிட்ட கசோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தாமதத்துக்கு ஈடாகிவிட்டன.

மூன்றாம் நாள் என் வேலை காலையிலேயே முடிந்தது. வீட்டுக்கு வந்து காலை நீட்டிய நேரம் சித்தியின் கைப்பேசி அடித்தது. பேசி முடித்தவள் பதற்றமே இல்லாமல் குக்கரை எடுத்தாள்.

"என்ன சித்தி?"

"உங்க சித்தப்பாவ கெரோ பண்ணிட்டாங்களாம். அந்த சுகர் மாத்திரை டேபிள்ல கெடக்கா பாரு."

நம்மூர்ச் செய்தித்தாளிலும் 'அதிகாரியை கெரோ செய்தனர்' என்று படித்திருக்கிறேன். சொல் பிறந்து வளர்ந்த ஊர் இதுதான். அதிகாரியின் அறையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வது. அடி, தள்ளுமுள்ளு எதுவும் கிடையாது. கேட்டதற்குப் பதில் வரும்வரை அவரை வெளியே விடக்கூடாது, அவ்வளவுதான்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமா? போன தடவை கெரோ பண்ணவங்களே இவுகளுக்கு மீன் கொழம்பு குடுத்தாங்க. இவுக தொடமாட்டேன்னு பட்டினி கெடந்தாவ. அதுதான் பயம்." தயிர் சாதம், மோர் மிளகாய், வாழைக்காய் பொரியல் மூன்றும் தூக்குச்சட்டியில் ஏறின. எனக்கு வங்காளம் வராது என்பதால் துணைக்கு சுபா. அவள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக வந்தாள். ஏனென்று பிறகுதான் புரிந்தது.

மூன்றாம் மாடி நடைபாதை முழுக்கத் துப்புரவுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் துடைப்பம். அறைக் கதவருகே தோளில் துணிப்பையோடு ஒரு மெலிந்த மனிதர் நின்றார். தபன்தா, சங்கத்துக்காரர். 'தா' என்றால் அண்ணன். நிற்பவர்கள் வாசகம் எழுதிய அட்டைகளைப் பிடித்திருந்தார்கள். அந்த எழுத்தின் வளைவை எங்கோ பார்த்தாற்போல இருந்தது. முந்தின நாள் வீட்டு ஃப்ரிட்ஜில், சுபா ஒட்டியிருந்த மளிகைப் பட்டியலில்.

"ஏய், இதெல்லாம் நீ எழுதினதா? சித்தப்பாவுக்கு எதிராவா?"

"தூர் பாபா, அட போ, அப்பாவுக்கு எதிரா இல்ல பவிதி," என்றாள் சுபா. "அட்மின் ஆபீசருக்கு எதிரா."

விஷயம் இதுதான். இந்தப் பெண்கள் ஐந்து மாடியிலும் கழிவறைகளைக் கழுவுகிறார்கள். ஆனால் எதையும் பயன்படுத்த அனுமதி இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதால் சாலையைக் கடந்து சந்தைக் கழிவறைக்குத்தான் போக வேண்டும். மிதாலி என்ற பெண் ஒரு மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை வாயிற்காவலர் அவளை நிறுத்தி, "உன் பாஸ் ரத்து" என்றார். நான்கு நாளாக அவள் சாலையின் அந்தப் பக்கம்தான். அவள் மறுபடி உள்ளே வர வேண்டும் என்பதே கோரிக்கை.

தபன்தா தூக்குச்சட்டியைப் பார்த்தார். "சார் சாப்பாடா? வழி விடுங்க, வழி விடுங்க. மாத்திரை கொண்டு வந்தீங்களா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" கூட்டம் பவ்யமாகப் பிளந்தது. உள்ளே போனோம். சித்தப்பாவின் முன்னால் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவில் தபன்தா.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வெளியேதான்."

"உள்ள வந்தவங்கள வெளிய விட்டா அதுக்குப் பேரு கெரோவா? இது என்ன ஆஸ்பத்திரி பார்வை நேரமா?" சுபா அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு இந்த விதி முன்பே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறாள். ஆக, நானும் கெரோ செய்யப்பட்டேன். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாததுதான் குறை.

முதல் ஒரு மணி நேரம் சித்தப்பா ஒரே பதிலைச் சொன்னார். அவள் ஒப்பந்தக்காரரின் ஆள், ஒப்பந்தக்காரர் நிறுத்தினார், தன் கையில் ஒன்றுமில்லை, டெல்லிக்கு எழுதினால் பதில் வரும். வெளியே கோஷம். கோஷம் ஓய்ந்தால் டீ. டீ எங்களுக்கும் வந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல், கேட்காமலே.

கெட்ட மனிதரில்லை சித்தப்பா. தெருவில் கிடக்கும் பேனா மூடிக்குக்கூட உரியவரைத் தேடுகிறவர். விதியில் இல்லாததைச் செய்ய அவருக்குக் கை வராது, அவ்வளவுதான்.

நான் அந்த அறையோடு சேர்ந்த கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் பேச்சு நடத்தவென்று தபன்தா வாயிற்காவலரிடம் வாதாடி மிதாலியை அறைக்குள் அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்தானையை இறுக்கிச் செருகி நின்றவள் என்னைப் பார்த்து இந்தியில் கேட்டாள்: "சுத்தமா இருக்கா? நான் நாலு நாளா வரல."

வேறு ஒன்றுமில்லை, வேலைக்காரி வேலையைப் பற்றிக் கேட்கிற கேள்விதான். எனக்குத்தான் முகம் சுட்டது.

சித்தப்பா டெல்லிக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் மிதாலி கேட்டாள், "உங்க ஊர்ல இதை எப்படிச் செய்வாங்க?"

எந்த ஊரைச் சொல்ல? தமிழ்நாட்டில் சாலையில் உட்கார்ந்தால் போலீஸ் வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள், சாம்பார் சாதம் போட்டுச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றேன். சுபா மொழிபெயர்க்க, கதவுவரை சிரிப்பு பரவியது. "கல்யாண மண்டபமா? விசிறி உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். தபன்தா, "அங்க ஒரு கிளை தொடங்கணும்," என்றார்.

பிறகு நான் வேலை பார்க்கும் நாட்டைப் பற்றிச் சொன்னேன். அங்கே எங்கள் நிறுவன விடுதியில் குடிதண்ணீர் கொதிக்கும். ராமநாதபுரத்துக்காரர், செய்யது அண்ணன், தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார். "அடுத்த தடவை போடுறேன்ணே," என்றேன். அந்த வாரக் கடைசியில் அவர் அறை காலியாக இருந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அப்புறம் தண்ணி வந்துச்சா?"

"வந்தது. ஒன்றரை மாதம் கழித்து. ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை."

"அப்ப அவர் ஜெயிச்சுட்டார்." மிதாலி யோசித்தாள். "அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

நாங்கள் இருநூறு பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம். ஒருவரும் சொல்லவில்லை.

அங்கே அதிகாரத்துக்குக் காது இல்லாமல் இல்லை. கேட்டதை ஒத்துக்கொள்ளாது, அவ்வளவே. இங்கே எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளும், மனுவுக்கு ரசீதுகூடத் தரும். கேட்க வைக்கத்தான் வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டில் எது மேல் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. உட்கார்ந்தவள் மறுநாள் காணாமல் போவதில்லை, பாருங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், திரும்பி வருகிறாள், கேட்கிறாள்.

மிதாலி ரவிக்கைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட பாஸை எடுத்து மேசையில் வைத்தாள். "சார், இதுல யார் கையெழுத்து?"

சித்தப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என்னுது."

"நான் உள்ள வர நீங்க கையெழுத்துப் போட்டீங்க. நான் வரக்கூடாதுன்னு யார் கையெழுத்துப் போட்டாங்க?"

சித்தப்பா கோப்பைக் கேட்டார். கெரோவுக்கு நடுவே குமாஸ்தா போய்க் கோப்பு எடுத்துவர தபன்தா தனி அனுமதி தந்தார். சித்தப்பா விரலை எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள். மறுபடி முதலிலிருந்து. அவர் காது மடல் சிவந்தது.

"எவம்ல அது?" என்று மேசையில் அடித்தார். பாளையங்கோட்டை அப்படியே வெடித்து வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஒரு ஆர்டர் இல்லாம, எங்கையெழுத்த நிறுத்துனவன் எவம்ல?"

தமிழ் தெரியாத வெளிக்கூட்டத்துக்கு சார் தங்களைத் திட்டுகிறார் என்றுதானே படும்? கோஷம் கூரையைத் தூக்கியது. சுபா நாற்காலியில் ஏறி, "உங்கள இல்ல! உங்கள இல்ல! அப்பா உங்க பக்கம் கத்துறார்!" என்று வங்காளத்தில் அலறினாள். அடங்க நேரமாயிற்று.

அதன் பிறகு சித்தப்பாவைப் பார்க்க வேண்டுமே! காலையிலிருந்து விதிக்குள் மாட்டிக்கொண்டு தவித்தவர், இப்போது விதியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ரத்து செய்த ஆணை இல்லை என்றால் ரத்தே ஆகவில்லை. ரத்தே ஆகாததைத் திருப்பித் தர டெல்லி எதற்கு? 'மேற்படி பாஸ் தொடர்ந்து செல்லும்' என்று தன் கையாலேயே குறிப்பு எழுதி, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

"கழிவறை?" என்றாள் மிதாலி.

"அதுக்குக் கட்டடப் பிரிவு, டெல்லி..."

"சார், இந்த மாடில பெண்களுக்கு ஒண்ணு பூட்டியே கிடக்கு. பெரிய அதிகாரிங்க வந்தா திறக்க. அது சாவி டெல்லில இல்ல. உங்க மேசைல, ரெண்டாவது டிராயர்ல இருக்கு. கழுவிட்டு நான்தான் தினம் அங்க வைப்பேன்."

சித்தப்பா டிராயரைத் திறந்தார். சாவி இருந்தது. அதை எடுத்தவர் திரும்ப டிராயரிலேயே வைத்தார். சுபா நாற்காலியிலிருந்து இறங்கி, "அப்பா," என்றாள், ஒரே ஒரு தடவை. அவர் இன்னொரு தாளை இழுத்தார். 'மறு உத்தரவு வரும்வரை துப்புரவுப் பணியாளர் பயன்பாட்டுக்கு.'

"மறு உத்தரவு எப்ப வரும் சித்தப்பா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அத போடவேண்டியவன் நான்தான்ளா. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் கெடக்கு."

சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் புதிய சிக்கல். தபன்தா பழக்கத்தில் கை நீட்டிவிட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் கை தானாகப் பைக்குள் போனது. "பொம்பளைங்க கழிவறைச் சாவி தபன்தா பையிலயா! ராத்திரி அவர் வீட்டுக் கதவைத் தட்டணுமா?" நடைபாதையிலேயே தேர்தல். மிதாலிக்கா, மூத்தவளான கமலா மாஷிக்கா? மாஷி என்றால் சித்தி. மிதாலிக்கு ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. மாஷிக்கு ஒரே ஒரு கை, மிதாலியுடையது. மாஷி மிதாலிக்கே கை தூக்கியிருந்தாள்.

பொழுது சாயும் முன் கெரோ விலக்கிக்கொள்ளப்பட்டது. மிச்சத் தயிர் சாதத்தை தபன்தா ஒரு வாய் சாப்பிட்டு முகம் சுளித்தார். "தயிர்ல உப்பா? இதைத் தின்னா மனுஷன் பிடிவாதக்காரனாத்தான் ஆவான்." மிதாலி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் செய்யது அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். 'அண்ணே, தண்ணி மெஷின் வந்துட்டு. வந்து நாளாச்சு. சொல்லாம விட்டதுக்கு மன்னிக்கணும்.' சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் பதில் வந்தது. 'நல்லா குளுந்து வருதா?'

மறுநாள் எனக்கு விமானம். சித்தப்பா தானே கொண்டுவிடுவதாகச் சொல்லி விடிந்ததும் கிளப்பினார். வழியில் கார் அலுவலக வாசலில் நின்றது. "காவலாளி என் நோட்ட படிச்சானான்னு பாத்துட்டுப் போவோம்," என்றார். படிக்க மாட்டான் என்று அவருக்குப் பயம். காவலர் நிதானமாகப் படித்தார். முத்திரையைத் தடவினார். மறுபடி படித்தார். வரிசையில் முதலாவதாக மிதாலி. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், ஒருத்திகூடத் தாண்டிப் போகாமல். சித்தப்பா காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

காவலர் ஒதுங்கினார்.

படம் எடுக்கலாமென்று கைப்பேசியைத் தூக்கினேன். எங்கே! வருகைப் பதிவேட்டை மூடுவதற்குள் கையெழுத்துப் போட வேண்டுமே, மிதாலி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள். என் படத்தில் இருப்பது திறந்த கேட் மட்டும்தான்.

கார் கிளம்பப் போன நேரத்தில் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல். சாவியை ஆட்டிக்கொண்டு வங்காளத்தில் ஏதோ கத்தினாள். சித்தப்பா அவசரமாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"என்ன சொல்லுதா சித்தப்பா?"

"உள்ள பல்ப் ஃப்யூஸாம். நாலு மணிக்குள்ள மாத்தணுமாம்." என் போர்டிங் பாஸின் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கியிருந்தார். "இல்லன்னா நாலு மணிக்கு எல்லாரும் மேல வருவாங்களாம்."